சும்மா அடித்த மணி

மூட்டைக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகியும், அவர் கடைசியாகக் கட்டிய மூட்டைதான் அந்த ஆஸ்பத்திரியின் லினக்ஸ் மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் எழுதும் நிரல் வரிகளை, அதாவது சோர்ஸை, மெஷினுக்கு ஏற்ற பேக்கேஜாகக் கட்டித் தருவது அவர் வேலை. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த நாற்காலியில் அவள்.

தலைவலியெல்லாம் மூன்றாம் மாடி வார்டில். நோயாளியின் மூச்சோ நாடியோ தடுமாறினால் அந்த மூட்டை கட்டில் மணியை அடிக்க வேண்டும். அது ஒன்றுமில்லாதபோதும் அடித்தது. இடுப்பெலும்பு முறிந்து அவள் அப்பாவும் அங்கேதான் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில் மணியால் பொட்டுத் தூக்கமில்லை, நீ படித்த படிப்புக்கு இதைக்கூடச் சரிபண்ண முடியாதா என்று மகளை வாரினார்.

சோர்ஸைச் சல்லடை போட்டுச் சலித்தாள். சும்மா அடிக்கச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. அதே சோர்ஸிலிருந்து புதிதாகக் கட்டிப் பார்த்தாள். அது சமர்த்தாக இருந்தது. ஒரே பெயர், ஒரே பதிப்பு எண், உள்ளே மட்டும் வேறு. இந்தத் தொழிலில் இதைவிட மானக்கேடு கிடையாது. எரிச்சலில் எண்ணைக்கூட மாற்றாமல் பழையதன் மேலேயே புதியதை ஏற்றினாள். சர்வரிலும் கட்டில்களிலும் பழையது அழிந்தது. சோர்ஸும் பேக்கேஜும் அச்சு அசலாகப் பொருந்தின. வார்டு அமைதியாகிவிட்டது.

மாலையில் போனபோது அப்பா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் அவளை வராந்தாவுக்கு அழைத்து, மணி இப்போது ஏன் சும்மா அடிப்பதில்லை என்று கேட்டாள். சரிசெய்துவிட்டேன் என்று இவள் பெருமையாகச் சொன்னதும் நர்ஸின் முகம் சுண்டிப்போனது.

“அது சும்மா அடிச்சா, அந்தக் கட்டில்ல இருக்கறவங்க அன்னிக்கே போயிடுவாங்க மேடம். ஒரு தடவகூட தப்பினதில்ல. அடிச்சதும் வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சிடுவோம். உங்க மூட்டைக்காரர் இந்த வார்டுலதான் போனாரு, கூட ஒரு ஆள் இல்லாம. அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சுது.”

அவள் நின்ற இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து பழைய பேக்கேஜைத் தேடினாள். எங்கே தேடினாலும் அதே பெயர், அதே எண், அவள் கட்டியது.

உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

“இன்னும் இங்கயா இருக்கே? வீட்டுக்குப் போம்மா. நாளைக்கு வா.”

அவள் கட்டில் மணியைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை. பழைய மூட்டை இருந்திருந்தால், அது அடிக்காததை நம்பிக் கிளம்பியிருப்பாள்.