பாலக் என்றால் ஒதுங்க வேண்டும்

1

இந்தக் கதை சிறுவர் பத்திரிகைக்கான கட்டுரையாகத்தான் தொடங்கியது. மொராக்கோவில் ஃபெஸ் என்றொரு நகரம். அங்கே மதில் சூழ்ந்த பழைய சந்தை. அதைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நான் போனதில்லை. போய் வந்தவர் மரக்காணத்திலேயே இருப்பதாகச் சொன்னார்கள். உப்பளச் சாலை டீக்கடையில் சிலம்பரசனைப் பிடித்தேன்.

என் முதல் வரி: குழந்தைகளே, நீல வாசல் வழியாக உள்ளே போனால்

(நின்றுவிட்டது. காரணம் மூன்றாம் பகுதியில்.)

2

சிலம்பரசன் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிச் சமையல்காரன். அங்கே தங்கிய பிரெஞ்சுக்கார அம்மாள் அவன் கைப்பக்குவத்தில் சொக்கிப்போய், ஃபெஸ் மதிலுக்குள் தான் நடத்தும் விடுதிக்கு அழைத்துக்கொண்டாள். வீட்டில் மனைவி ரேணுகா, பெரியவள் ஜெயப்ரியா, ஒன்றரை வயதுக் கலைமதி.

முதல் வாரம் வீடியோவில் பிள்ளைகளைப் பார்த்ததும் அழுதான். அவன் அழுததைப் பார்த்து வீடே அழுதது. மறுநாள் காய்கறி வாங்கப் போகும்போது கேமராவைத் திருப்பிச் சந்தையைக் காட்டினான். அழுகை நின்றது. அதன்பின் அவன் முகத்தைக் காட்டவே இல்லை.

பிள்ளைகள் இங்கிருந்து வழி சொல்வார்கள். லெப்ட் என்றால் லெப்டில் திரும்புவான். ஒருக்களித்து நடக்க வேண்டிய சந்துகள், செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள், தோல் ஊறும் தொட்டிகள். கார் நுழையாத தெருக்கள் என்பதால் சரக்கெல்லாம் கழுதை மேல். கழுதைக்காரன் "பாலக்" என்று கத்தினால் ஒதுங்க வேண்டும். கலைமதி உப்பள வரப்பில் நிற்கும் கொக்குகளைப் பார்த்து அப்படிக் கத்துவாளாம்.*

* கட்டுரையில் இந்த ஒரு இடம் நன்றாக வந்திருந்தது.

ரேணுகா ஒருநாள் கேட்டாள்: "ஒரு வாட்டி மூஞ்சியக் காட்டுங்களேன். சின்னவளுக்கு மறந்துடப்போவுது."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான்.

3

மூன்றரை வருடம் கழித்து வந்தான்.

[கலைமதி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு — என்று எழுதி அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை.]

வாசலை அடைத்துக்கொண்டு பெட்டியோடு நின்றவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். "பாப்பா, அப்பாடா" என்றான். குரல் வந்ததும் அவள் அம்மா கையிலிருந்த போனைத் திரும்பிப் பார்த்தாள். போன் இருட்டாகக் கிடந்தது.

"பாலக்" என்றாள், அவனிடம். அவன் ஒதுங்கினான். அவள் வெளியே போய்விட்டாள்.

(கல்யாண போட்டோ இருந்திருக்குமே என்பீர்கள். இருந்தது. மாலையும் மீசையுமாக இருந்த அந்த ஆளை அவள் மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.)

ஒரு சந்தையையே கொண்டுவந்து காட்டியவன் தன் முகத்தை ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் முன்னால் டீ ஆறிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

4

அன்று சாயங்காலம் அவன் உப்பளத்துப் பக்கம் போய் நின்றான். ரேணுகாவின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தவுடன் பழக்கதோஷத்தில் விரல் கேமராவைத் திருப்பிவிட்டது. திரையில் கலைமதியின் நெற்றி மட்டும்.

"அப்பா, நம்ம வூட்டுக்கு யாரோ ஒரு ஆளு வந்திருக்காரு. போவவே மாட்டேங்கறாரு. நீ எப்பப்பா வருவ?"

இதற்குமேல் அவன் சொல்லவில்லை. டீக்கடையிலிருந்து எழுந்து போய்விட்டான்.

5

ஒரு முடிவு: கேமராவை முகத்துக்குத் திருப்புகிறான். அவள் போனைப் போட்டுவிட்டு

வேண்டாம்.

இன்னொன்று: "நீயே வழி சொல்லு பாப்பா" என்கிறான். உப்புக் குவியலைப் பார்த்ததும் அவளுக்கு இடம் தெரிந்துவிடுகிறது. லெப்ட் என்கிறாள், ரைட் என்கிறாள். சந்தையில் நடந்த மாதிரியே நடக்கிறான். அவள் திரையில் அவர்கள் வீட்டுக் கதவு வந்துவிட்டது.

இதைத்தான் எழுத ஆசை. ஆனால் அவள் இப்போது போனிலிருந்து தலையைத் தூக்கப் போகிறாள். அவன் மறுபடியும் வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறான். அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.