பிள்ளை எங்கே பிறந்தது?

சபையின் பால் வயிற்றுக்குள் போன பிறகுதான் பேச்சியம்மாவின் மகள் வீரம்மா காலை ஊன்றி நின்றாள். நுவரெலியா கடைத்தெரு முதலாளிமார் சிலர் கூடி நடத்திய சின்னச் சபை அது. உடப்புசல்லாவைப் பக்கத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பால்மா அனுப்பி வந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். ஆயா அம்மாக்கண்ணு மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குவளையில் ஊற்றிக் கொடுப்பாள்.

பாலால் பலன் உண்டா, தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்த்து வரச் சபை ஜெயலெட்சுமியை அனுப்பிற்று. ஜவுளிக்கடை வீட்டுப் பெண், நல்ல மனசுக்காரிதான். ஆனால் காகிதமும் பென்சிலுமாகத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குள் நுழைந்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டு ஜனங்கள் காத்திருந்த காலம். விசாரிக்க எப்போது ஆள் வரும், எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள், ஒருவருக்கும் தெரியாது. பேச்சியம்மாவின் புருஷன் ஆண்டியப்பன் கொடுத்த மனுவில், வீட்டில் யாரும் இலங்கையை விட்டுப் போனதேயில்லை என்று எழுதியிருந்தது. ஆனால் அவள் தலைப்பிரசவத்துக்குத் துறையூர்ப் பக்கம் தாய்வீடு போனவள், வீரம்மாவைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு திரும்பியவள்.

பக்கத்துக் காம்பராவில் ஜெயலெட்சுமியின் குரல் சுவர் வழியாகக் கேட்டது.

"வீட்ல புள்ளைங்க எத்தனை? எங்க பொறந்தாங்க? எப்ப இருந்து இங்க இருக்காங்க?"

பேச்சியம்மா குழந்தையைத் தூக்கி விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்த்தி, வாயில் ஒரு துண்டுச் சக்கரையைத் திணித்து, மேலே படங்குச் சாக்கைப் போட்டு மூடினாள். வாசலில் நிழல் தட்டியது.

"புள்ள குட்டி எதுவும் இல்லீங்கம்மா."

பெற்றவள் வாயாலேயே இப்படிச் சொல்லிவிட்டோமே என்று விறகுப் பக்கம் திரும்பாமல் நின்றாள். ஜெயலெட்சுமி குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

மறுநாள் அந்தச் சபை அம்மா பிள்ளைக்காம்பராவுக்கு வருகிறாள் என்று பேச்சு. பேச்சியம்மா வீரம்மாவைக் காம்பராவில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு மலைக்குப் போனாள். அடுப்பில் தணல் இருந்ததா, அணைத்தேனா என்று நினைக்க நினைக்கக் கொழுந்தோடு முற்றின இலையும் கையில் வந்தது.

பக்கத்து நிரையில் நின்ற அழகம்மா சொன்னாள்: "நேத்து ஒரே நாள்ல நம்ம லயத்துப் பொம்பளைங்க பூராவும் மலடியாயிட்டோம்டி. எம்புள்ளைங்கள சாமிப்படத்து மூலையில ஒளிச்சு வச்சேன். ஒருத்தன் குங்குமத்தைத் தின்னுட்டான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பிள்ளைக்காம்பரா வாசலில் ஜெயலெட்சுமி நிற்பது தெரிந்தது. எதிரில் அம்மாக்கண்ணு. உள்ளே நாலைந்து குழந்தைகள்தான்.

"காம்பரா நெறையப் புள்ளைங்க குடிக்குதுன்னு சொல்லி அனுப்புனீங்க. லயத்துல கேட்டா புள்ளையே இல்லேங்குறாங்க. அப்ப மா எங்க போச்சு? வித்தீங்களா? நான் பாத்ததத்தான் சபையில சொல்ல முடியும். அப்புறம் பால் நின்னுடும், ஆயா."

அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள். பேச்சியம்மாவைப் பார்த்தாள், பின்னால் வந்த பெண்களைப் பார்த்தாள். 'இவளுகளைக் கேளுங்க' என்று ஒரு வார்த்தை போதும், அவள் தப்பித்துக்கொள்ள. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புள்ளைங்க வரும், குடிக்கும், போகும். வேற எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா."

பேச்சியம்மா கூடையை இறக்கிப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள். வீரம்மா அழுது ஓய்ந்து வாசற்படி ஓரத்திலேயே சுருண்டு கிடந்தாள். அவளை அள்ளிக்கொண்டு வந்து ஜெயலெட்சுமியின் முன்னால் இறக்கிவிட்டாள்.

"இது எம்மக. வீரம்மா. நேத்து பொய் சொன்னேங்க. இடுப்ப விட்டு எறங்காத புள்ள. இந்தப் பாலக் குடிச்சுத்தான் நிக்குது, பாருங்க. ஆயாக்கா மேல பழி போடாதீங்க."

குழந்தை தள்ளாடி நடந்துபோய் அம்மாக்கண்ணுவின் சேலையைப் பிடித்தது. ஜெயலெட்சுமி பெயரை எழுதினாள். பென்சில் அடுத்த கேள்விக்கு நகர்ந்தது.

"எங்க பொறந்தா?"

பேச்சியம்மா அம்மாக்கண்ணுவைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களின் கண்ணெல்லாம் அந்தப் பென்சிலிலேயே இருந்தது. ஜெயலெட்சுமி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுக்கா எல்லாரும் பயந்தீங்க? பொறந்ததுல இருந்தே இங்க இருக்குதா, எவ்வளவு காலமா பால் குடிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தாங்க கேட்டோம்."

"அத அப்பிடியே கேட்டிருக்கப்படாதாங்கம்மா?" என்றாள் அழகம்மா.

ஜெயலெட்சுமியின் முகம் சிவந்தது. எழுதாமல் காகிதத்தை மடித்தாள். "திரும்பவும் வீடு வீடா வாறேன். பால் குடிக்குதா, தேறியிருக்கான்னு மட்டும் கேக்குறேன். ஆயா, நான் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க."

சாயந்திரம் ஆண்டியப்பன் ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டான்: "பேரைச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பொறந்த எடம்?"

"எழுதாம விட்டுட்டாங்க."

"விட்ட எடத்துல நாளைக்கு வேற எவனாச்சும் எழுதிட்டான்னா?"

அவன் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் பேச்சியம்மா மகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். மற்றப் பெண்களும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி குழந்தைகளோடு வந்தார்கள். அம்மாக்கண்ணு வீரம்மாவை வாங்கிக் குவளையைக் கையில் கொடுத்தாள். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

அன்றைக்கு மலையில், கீழே ரோட்டில் மோட்டார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் விசாரிக்க வரும் ஆளோ என்று பேச்சியம்மாவின் கை கொழுந்திலேயே நின்றது. சத்தம் தோட்டத்துக்குள் திரும்பாமல் வலப்பனைப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகுதான் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.