சௌகரியத்தைப் பார்த்துக்கொள்வோம்

அந்த ஆங்கிலேயப் பெண் டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மனைவி சிவகொழுந்துவின் பக்கத்தில் வந்து இருந்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. நல்ல செய்தி சொல்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே சொல்லுவார்கள்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். இந்த யோகநாதன் மொழிபெயர்த்த கடிதத்தை யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன், துபாயில் இதே அறையில், வாழ்க்கையில் முதல்முறையாக மாற்றிச் சொன்னேன். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னார். "குடலில புண்ணாம். சாப்பாட்டில கவனமா இருக்கட்டாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

காரணம் இருந்தது. நாங்கள் இங்கே அல் குசைஸில் மகன் வீட்டில் இருக்கிறோம்; அவனுடைய மகள் லக்சிகாவுக்குத் தை மாதத்தில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் ஷார்ஜாவில் இருக்கிறார்கள்; பெண்ணின் பரம்பரையில் என்ன வருத்தம், என்ன நோய் என்று துருவித் துருவிக் கேட்பவர்கள். சிவகொழுந்துவுக்குத் தெரிந்தால் அது அவள் வாயில் நிற்காது. அதோடு, நோயாளிக்கே நோயைச் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அது வீட்டுத் தலைவன் சுமக்க வேண்டியது.

டொக்டர் அன்றும் சாவு என்ற சொல்லைத் தொடவில்லை. பயணம் என்றார், கூட வருவோம் என்றார். ஆங்கிலத்தில் இப்படிப் பஞ்சு சுற்றிப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. என் உத்தியோக காலத்தில், வேலையை விட்டு நிறுத்தும் கடிதங்கள்தான் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருக்கும்.

இன்று டொக்டர் ஒரு போனை மேசையில் வைத்தார். குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாதாம், ஆஸ்பத்திரி விதியாம்; போனில் வேறொருவர் மொழிபெயர்ப்பாராம். "போன முறை நான் ஐந்து நிமிடம் பேசினேன். நீங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள்" என்று சிரித்தார். என்னைச் சந்தேகிக்கிறார்!

"நான் அரசாங்கத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்" என்றேன், அவருடைய ஆங்கிலத்தை விட நல்ல ஆங்கிலத்தில்.

"மிக நல்லது" என்றபடி பொத்தானை அமுக்கினார்.

"வணக்கம்மா, நான் நாகஜோதி. டாக்டர் சொல்றத அப்படியே தமிழ்ல சொல்வேன், சரிங்களா?" தமிழ்நாட்டுக் குரல்.

"நல்லாக் கதைக்கிறாள் பிள்ளை. உங்களை மாதிரிப் பாய்ஞ்சு விழேல்லை" என்றாள் சிவகொழுந்து.

டொக்டர் பேசினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கெட்ட சொல் ஒன்றுகூட இல்லை. நாகஜோதியும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: "இனிமே உங்க சௌகரியத்துல முழு கவனம் வைப்போம்னு சொல்றாங்கம்மா. உங்களுக்கு எது முக்கியமோ அதப் பத்திப் பேசலாம்னு சொல்றாங்க."

தப்பினோம் என்று நினைத்தேன்.

"சௌகரியத்தில கவனம் வைப்பினமெண்டா, வருத்தத்தில வைக்க மாட்டினமோ பிள்ளை?" என்று கேட்டாள் சிவகொழுந்து.

போனிலிருந்து குரல், "டாக்டர்கிட்ட கேக்கறேம்மா" என்றது.

"வேண்டாம். இவர் கேக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, குடல் புண்ணுக்கு ஆரும் இவ்வளவு கிட்ட வந்து இருக்க மாட்டினம். எனக்கு இன்னும் எவ்வளவு காலமெண்டு கேளுங்கோ. கேட்டு, கச்சேரியில சொன்ன மாதிரி எனக்குச் சொல்லுங்கோ."

கேட்டேன். டொக்டர் வழக்கம்போல் நீளமாகப் பேசினார். அந்தப் பதிலுக்குள் ஒளிய எனக்கு நிறைய இடம் இருந்தது. ஆனால் சிவகொழுந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்கு ஆள் வித்தியாசமாம். திகதி சொல்ல ஏலாதாம். வருஷக் கணக்கா நினைக்க வேண்டாமாம். மாதக் கணக்காம்."

அவள் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

"அப்ப கலியாணத்துக்குத் தை வரைக்கும் பாக்க வேண்டாம். இந்த ஆவணியிலயே வைப்பம். மாப்பிள்ளையின்ர தாயோட நான் கதைக்கிறன்."

"என்னத்தைச் சொல்லப் போறாய்?"

"உள்ளதைத்தான். வேண்டாமெண்டா இப்பவே சொல்லட்டும். பிறகு தெரிஞ்சு, பொய் சொல்லிக் குடுத்த பொம்பிளை எண்டு எங்கட லக்சிகா பேச்சு வாங்கிறதோ? அதுதான் உங்கட மரியாதையோ?"

எங்கள் வீட்டு விஷயம் முழுவதையும் நாகஜோதி அந்த வெள்ளைக்காரிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்காவது பிழை விடுவாள், தடுக்கலாம் என்று கடைசிவரை கவனமாகக் கேட்டேன். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.