வார்சினியின் இடது முழங்கால்

மலைச்சரிவில் ஒன்பதாம் பெட்டி செத்துப்போன காலையிலிருந்து, மேலூர்ப் பெட்டிகளின் சேதியெல்லாம் டெம்பே என்ற சோயாக்கட்டியைப் பொரித்து விற்கும் வார்சினியின் இடது முழங்கால் வழியாகத்தான் கீழூருக்குப் போயிற்று. மண்ணின் அசைவை அறிந்து, கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று சொல்லி, கீழூர் அலுவலகம்வரை கொண்டு சேர்ப்பதே பெட்டிகளின் வேலை. மண் அளவுக்கு மீறி நகர்ந்தால் அங்கே சங்கு ஊதும். ஒரு பெட்டி செத்தால் பக்கத்துப் பெட்டி அதன் பாரத்தைச் சுமக்கும்படிதான் பொறியாளர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் ஒன்பதாவது நின்ற இடம் மலையிடுக்கு. அதை விட்டால் இரண்டு ஊருக்கும் நடுவே எட்டுகிற தூரத்தில் வேறு பெட்டி இல்லை. மிக அருகில் இருந்தது வார்சினியின் வீடு.

இதில் ஊராரின் கைங்கரியமும் உண்டு. பெட்டிகளைக் கம்பங்களில் பொருத்தி நட்டபோது அவற்றுக்கும் சேர்த்தே சிலாமத்தான் என்னும் ஊர்விருந்து வைத்தார்கள். ஜாவாவில் விருந்துச் சோற்றில் பங்கு வாங்கியவர் அண்டை வீட்டார். அண்டை வீட்டார் விழுந்தால் அவர் வேலையைத் தூக்கிக்கொள்வது முறை. ஆகவே கம்பத்துக்குக் கம்பம் வாழையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒன்பதாம் பெட்டிக்குக் கட்டியவள் வார்சினி. தாராள மனசுக்காரி, பனைவெல்லமும் தேங்காயும் போட்ட ஒட்டரிசியையும் சேர்த்து வைத்தாள். எறும்புகள் அதைத் தின்று தீர்த்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே குடியேறின. பெட்டி செத்தது. சேதி அதன் அண்டை வீட்டைத் தேடி வந்தது.

அலுவலகத்துப் பொறியாளன் ஹந்தோகோ அளக்கும் கருவியை அவள் காலருகே வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். புதுப் பெட்டி அடுத்த மாதம் வரும் என்றான். சில வருஷங்கள் அப்படியே போயின. வரும்போதெல்லாம் அவன் அவளை அம்மா முறையில் இபு என்பான், அவள் அவனை அண்ணன் முறையில் மாஸ் என்பாள்.

"இபு, காலை மட்டும் பத்திரமா பாத்துக்கோங்க. அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

"ஏன் மாஸ், என்னையும் ஒரு கம்பத்துல முடுக்கி வச்சுட்டுப் போயேன்!"

வலியைக்கூடப் பொறுத்தாள். யாருக்காக வலிக்கிறது என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவளை விட்டுப் போன புருஷன் பைமான், இடுக்குக்கு நேர் மேலே ருக்மி என்பவளோடு குடித்தனம் நடத்தினான். மண் அதிகம் நகர்ந்தது அந்த வீட்டுப் பின்புறத்தில்தான். இரு வீட்டுக்கும் நடுவே ஒரு கைப்பிடி உப்புகூடக் கைமாறியதில்லை.

"என்ன வார்சினி, புருஷனை இன்னும் கால்லயே கட்டிக்கிட்டு அலையற போல?" என்று சந்தையில் கிண்டல் செய்வார்கள்.

"கட்டல, முள்ளாட்டம் தச்சிருக்கான். டெம்பே வேணுமா வேணாமா, அதைச் சொல்லு."

அந்த மழைக்காலத்தில் செமாராங்கிலிருந்து மகள் எண்டா அழைத்தாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், அம்மா பக்கத்தில் இல்லாமல் முடியாது என்று அழுதாள். வார்சினி பஸ் ஏறி ஆற்றுப் பாலம் தாண்டியதுமே அலுவலகத் திரையில் மேலூர் அணைந்தது. ஹந்தோகோ மோட்டார்சைக்கிளில் துரத்திப்போய் அழைத்துவந்தான்.

"வேற யாருமே இல்லியா, மாஸ்?"

"எட்டுற தூரத்துல ருக்மி வீடு ஒண்ணுதான் இருக்கு. சேதி அங்க போய்ப் பாக்குது, திரும்பிடுது. உங்க வேலையை அவங்க எடுத்துக்கணும்னா முதல்ல அண்டை வீடா இருக்கணுமே, இபு."

புருஷனைக் கொடுத்தது போதாதென்று சோறும் வேறு கொடுக்க வேண்டுமா என்று அவள் அடுப்பைப் பார்த்துக் கேட்டாள், வாய்விட்டு அழுதாள். பிறகு அரிசி களைந்தாள். பொட்டலத்தோடு மலையேறி, ருக்மியின் வாசலில் நின்று நீட்டினாள்.

"விஷம் வைக்கல. தின்னு. பாத்துட்டுத்தான் போவேன்."

ருக்மி நின்றபடியே ஒரு வாய் தின்றாள். அவளது வலது தோள் வெட்டி இழுத்தது.

"ஐயோ, என்ன இது?"

"மலை. பழகிடும்."

வார்சினி செமாராங்கில் இருந்தபோது பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். மழை விடவில்லை. ஒரு மதியம் ருக்மி தோளைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் அலறி விழுந்தாள், கீழூரில் சங்கு ஊதியது. மேலூர் முழுக்க ஆடுகளோடு இறங்கியது. புறாக்கூண்டை எடுக்கத் திரும்பிய பைமானை ருக்மி வலிக்காத கையால் இழுத்துவந்தாள். மண் வீடுகளை மட்டும் கொண்டுபோயிற்று, ஆட்களில் ஒருவரையும் தொடவில்லை.

வார்சினி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிவாசல் தாழ்வாரத்துக்குப் போனாள். மேலூர்க்காரர்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள். சரிவில் மிஞ்சிய பெட்டிகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. ருக்மியின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. முதல் தடவையாக அவள் வார்சினியை அக்கா முறை வைத்து அழைத்தாள்.

"ம்பாக், நிக்கவே மாட்டேங்குது. கண்ணை மூட முடியல. இத்தனை வருஷம் எப்படி நீங்க..."

"சரி, விடு. நான்தான் வந்துட்டேன்ல."

வார்சினி பக்கத்தில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். வலி தோளைவிட்டு முழங்காலுக்கு வந்தது. ருக்மி சொல்லவந்ததை முடிக்காமலே தூங்கிப்போனாள்.

அடுத்த ஆண்டு புதுப் பெட்டி வந்தது. அதை வேறு மலைக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள் இரண்டு பெண்களும். சந்தை நாளில் ருக்மிக்கு வலிக்கும், மற்ற நாளில் வார்சினிக்கு. பைமான் தானும் ஒரு நாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி இருவர் வாசலிலும் நின்றான். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.