யூகோ பாஸ்போர்ட் பார்க்கும்

யூகோ மூன்றாம் நாளாக அடித்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து வரும் இந்த ஈரக்காற்றை எங்கள் கரையில் யாரும் வெறும் காற்றாக நினைப்பதில்லை. வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் அதைப் பற்றிப் பேசுவோம். தலை கனத்தால் யூகோ. மாவு பொங்காவிட்டால் யூகோ. புருஷன் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் யூகோ. அந்தக் காலத்தில் யூகோ வீசும்போது நீதிபதிகள் தீர்ப்பே சொல்லமாட்டார்களாம், அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. யூகோவில் சொன்ன சொல்லுக்குக் கணக்குக் கிடையாது. வடக்கிலிருந்து பூரா என்கிற வறண்ட காற்று வந்து வானத்தைத் துடைத்துவிடும்வரை யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள், எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

அன்று காலை த்ரோகிர் துறையில் கடல் கல்மேடைக்கு மேலே ஏறி நின்றது. அலைகூட இல்லை, சும்மா ஏறி நின்றது. கடற்பறவைகள் ஒன்றுகூடப் பறக்கவில்லை. மீன்சந்தைக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஷிமே, இன்னைக்கு வேண்டாமே. ஆளுங்களை நாளைக்கு வரச் சொல்லிடு" என்றேன் புருஷனிடம். சுற்றுலாப் படகு அவனுடையது, பெயர் மரிட்சா, அவன் அம்மா பெயர். அம்மாவைப் போலவே அகலம், அம்மாவைப் போலவே முனகல்.

"நாளைக்கு இதைவிட மோசமா இருக்கும். மூணு தீவு, ஒரு சாப்பாடு, சாயங்காலம் வீடு. வாயை மூடிட்டு மீனைக் கழுவு."

"உன் வாயில யூகோ புகுந்துடுச்சு."

"உன் வாயில அது குடியே இருக்கு."

என் தங்கை தோன்கா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சிரித்தாள். நான் சமையல், ஷிமே சுக்கான், மற்றதெல்லாம் தோன்கா. கயிறு கட்டுவது, ராக்கியாச் சாராயம் ஊற்றுவது, வாந்தி எடுப்பவர்களின் தலையைப் பிடிப்பது, அழுகிற குழந்தையைச் சிரிக்க வைப்பது எல்லாம். பதினெட்டு வயதிலிருந்து இந்தப் படகில் இருக்கிறாள். இப்போது நாற்பது. திராட்சை அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷோல்தா தீவுக்காரர், ஸ்திபான், மனைவியை இழந்தவர், தேனீ வளர்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் படகுக்குத் தேன் விற்க வந்த மனுஷன். விற்றுவிட்டுப் போகவேண்டியதுதானே?

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஷிமேயும் மீனும்தான்.

பயணிகள் பெரும்பாலும் போலந்துக்காரர்கள். அவர்கள் பேச்சும் எங்கள் பேச்சும் தூரத்து உறவு, பாதி புரியும், மீதிக்கு ராக்கியா இருக்கிறது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு இளம்பெண் எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஷிமே நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தான், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"யூகோம்மா யூகோ" என்றாள் தோன்கா. "தலையைப் பிளக்கும். பயப்படாதே, உங்களுக்கெல்லாம் வராது. யூகோ பாஸ்போர்ட் பார்க்கும். எங்க ஊர்க்காரங்களை மட்டும்தான் பிடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையும் அதுதான். இத்தனை வருஷத்தில் வெளியூர்க்காரர் ஒருவருக்கும் யூகோ தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தலைவலி வரவே பிறந்ததிலிருந்து இங்கே இருக்கவேண்டும்.

முதல் தீவில் தண்ணீர் கலங்கியிருந்தது. யாரும் குளிக்க இறங்கவில்லை. இரண்டாவது தீவில் துறையில் ஒரு ஆள் கிடையாது, சாப்பாட்டுக்கடை நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வானம் பழுப்பாகத் தாழ்ந்து வந்தது. அலை பின்னாலிருந்து நீளநீளமாக, சத்தமில்லாமல் வந்து படகைத் தூக்கித் தூக்கி வைத்தது. சத்தம் போட்டாலாவது பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

மூன்றாவது நிறுத்தம் ஷோல்தாவில், மஸ்லினிட்சா. குடா என்பதால் அங்கே காற்று குறைவு. படகின் பின்தளத்தில் இரும்புத் தொட்டியில் கரியைப் பற்றவைத்து, கானாங்கெளுத்தியை வரிசையாக அடுக்கி, ரோஸ்மேரிக் கொத்தால் எண்ணெய் தடவி வாட்டினேன். தொட்டி புதுசு, வார்ப்பிரும்பு, ஷிமே ஆசையாக வாங்கியது. பழைய தொட்டியில் ஒருநாள் தணலோடு தண்ணீரை ஊற்றி நான் விரிசல் விடவைத்ததை அவன் இன்னும் ஜெபமாலை மாதிரி தினம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்திபான் துறையில் நின்றிருந்தார், கையில் ஒரு தேன் புட்டி. கொஞ்சம் கூச்சப்படுகிற, பெரிய காதுள்ள மனுஷன்.

"தோன்கா, வானத்தைப் பாரு. இன்னைக்கு இங்கேயே என் அக்கா வீட்ல தங்கிடேன்" என்றார்.

"அப்போ பாத்திரம் யார் கழுவுறது, உங்க தேனீயா?" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள காது சின்னதாயிடாம பாத்துக்குங்க."

அந்த மனுஷன் முகம் முழுக்கச் சிவந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை. தேன் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

குடாவை விட்டு வெளியே வந்ததும் காற்று பின்னாலிருந்து அறைந்தது. தொட்டியில் தணல் இன்னும் நிறைய இருந்தது. பொறி பறந்து மேலே கட்டியிருந்த துணிப்பந்தலில் விழ ஆரம்பித்தது. ஒரு போலந்துக்காரர் கத்திக்கொண்டு சட்டையைத் தட்டினார்.

"கடல்ல கொட்டிடறேன்" என்றேன்.

"இந்த ஆட்டத்துலயா? எதிர்ல அடிச்சு எல்லார் மூஞ்சியிலயும் வரும்" என்று சுக்கானிலிருந்து கத்தினான் ஷிமே.

"அப்போ தண்ணி ஊத்தறேன்."

"ஊத்துவே, ஊத்துவே! தொட்டி வெடிக்கட்டும்! மூடியைப் போட்டுக் கீழே இறக்கு. அங்க காத்து வராது, தானா அணையும்."

கீழே என்றால் முன்பக்க அறை. ஒரு ஏணி, ஒரு படுக்கை, கழிப்பறை, கயிறும் வலையும் வைக்கிற மூலை, அவ்வளவுதான். நானும் தோன்காவும் ஆளுக்கொரு காதைத் துணியால் பிடித்துத் தொட்டியை இறக்கினோம். மூடி சரியாக உட்காரவில்லை. கொஞ்சம் பொறுத்து மழை வந்தது. ஷிமே மேல்கதவைச் சாத்தச் சொன்னான், பக்கத்து வட்டச் சன்னல்களை ஏற்கெனவே திருகி மூடியிருந்தோம். பயணிகள் பந்தலுக்கடியில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு, கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தோன்கா பாத்திரம் கழுவினாள். தேன் புட்டியைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள், உருண்டுவிடாமல் ஒரு காலால் அணைத்தபடி. அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"அந்தப் புட்டிக்கு ஒரு தொட்டில் கட்டேன்" என்றேன்.

"அக்கா, வேண்டாம். எனக்குத் தலை கனக்குது."

"எனக்கு மட்டும் கனக்கலையா? இருபத்திரண்டு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, ஒரு காதுப்பையன் கூப்பிட்டான்னு போறே. உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நான் சாகவா போறேன்? ஒரு மணி நேரத் தூரம்."

"மறந்து தொலைடி அவனை! நீ அவனை அடியோட மறந்தாத்தான் எனக்கு நிம்மதி!"

போலந்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோன்கா கோபப்படவில்லை. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"இதை நீ பேசலை, யூகோ பேசுது. பூரா வரட்டும், நீயே வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுட்டு அழுவே பாரு. நான் போய்க் கொஞ்சம் படுக்கறேன்."

புட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மழை உள்ளே விழாமல் மேல்கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள். சத்தியமாக அப்போதே எனக்கு அவமானமாக இருந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன்கூட. ஆனால் யூகோவில் யார் மன்னிப்புக் கேட்பார்கள்? நாளையோ மறுநாளோ பூரா வரும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் த்ரோகிர் மணிக்கூண்டு மழைக்குள் மங்கலாகத் தெரிகிற நேரம் வந்தது. கட்டுகிற கயிறு தயாராக இருக்கவேண்டும், தோன்கா வரவில்லை. ஷிமே சுக்கானைக் காலால் உதைத்தான்.

"உன் தங்கை ராணியாயிட்டா. எழுப்பு."

"தூங்கட்டும் விடு. அவளுக்கு யூகோ பிடிச்சிருக்கு. கயிறை நான் பாத்துக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னேன். சற்று முன்னால் பேசியதற்கு ஒரு ஈடு போல.

அப்போது மேல்கதவு திறந்தது. வெளியே வந்தது தோன்கா இல்லை, சிவப்புத் தொப்பிக்காரப் பெண். கழிப்பறைக்குப் போயிருக்கிறாள், எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. தொப்பியைக் காணோம். ஏணியின் கடைசிப் படியில் முழங்கால் மடங்கி, தளத்தில் கையூன்றி வாந்தி எடுத்தாள்.

"கடல் ஒத்துக்கலை" என்றான் ஷிமே.

நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் இரண்டு கையாலும் பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தலை" என்றாள். "தலை வெடிக்குது." பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சிரிக்க முயன்று, "எனக்கும் யூகோ" என்றாள்.

நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். 'உனக்கு எப்படிம்மா வரும், யூகோ பாஸ்போர்ட் பார்க்குமே' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அங்கேயே நின்றுபோனது. மேலே, மழையில், காற்றில், அத்தனை போலந்துக்காரர்கள். ஒருவருக்கும் தலைவலி இல்லை. கீழே போய் வந்த ஒருத்திக்கு மட்டும்.

"தணல்!" என்று கத்தினேன். "ஷிமே! தணல்! தோன்கா!"

ஏணியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. உள்ளே புகை இல்லை, நாற்றம் இல்லை. தொட்டி மூலையில் கமுக்கமாகச் சிவந்துகொண்டிருந்தது. தோன்கா படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னமெல்லாம் ரோஜா நிறம், அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. கூப்பிட்டேன். அறைந்தேன். கை கீழே தொங்கியது. தேன் புட்டி தரையில் இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தது.

மூச்சை அடக்கி அவளை அக்குளில் பிடித்து இழுத்தேன். மேலிருந்து ஷிமேயும் சட்டையில் பொறி விழுந்த அந்தப் போலந்துக்காரரும் கைகொடுத்தார்கள். மழையில் அவளைக் கிடத்தினோம். சுக்கானைப் பிடிக்க ஆளில்லாமல் மரிட்சா அலைக்குக் குறுக்கே திரும்பி ஆடியது, யாரோ அலறினார்கள். ஷிமே அவள் வாயில் வாய் வைத்து ஊதினான், அழுதான், ஊதினான். "பாவி நான், தொட்டிக்காக, ஒரு தொட்டிக்காக" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே இருந்தான்.

துறையை நெருங்கும்போது அவள் ஒருமுறை இருமினாள். அந்த இருமலுக்காகக் கடவுளின் காலைப் பிடித்துக் கும்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனபோது துறையில் கூடியிருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "என்ன செய்யறது, யூகோ" என்றார். அவரைக் கடலில் பிடித்துத் தள்ளாததற்கு ஒரே காரணம், நான் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஓடவேண்டியிருந்ததுதான்.

பிழைத்துவிட்டாள். ஸ்ப்லித் மருத்துவமனையில் கண் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா" என்றாள். ஷிமேயைப் பார்த்து, "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்றாள். நான் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதேன், சந்தோஷத்தில்தான். மற்றொன்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடிய அறையில் தணல் கக்கிய நச்சுக்காற்று மூளையில் கொஞ்சத்தைத் தின்றிருக்கிறது, கடைசி இரண்டு மூன்று வருஷ நினைவு திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பழையதெல்லாம் இருக்கிறது, அப்பாவின் நாய் பெயர்கூட. புதுசுதான் இல்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரத்தில்தான் வடக்கிலிருந்து பூரா வந்தது. சன்னல்கள் தடதடத்தன, வானம் சுத்தமாக நீலம், எதிரே மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. தெருவில் எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், சண்டை போட்டவர்கள் காபி குடிக்கச் சேர்ந்து போனார்கள். தோன்கா சமையலறையில் என்னோடு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"அக்கா, வாசல்கிட்ட யாரோ நிக்கிறார் பாரு. கையில புட்டி. ஏதோ விக்க வந்தவர் போல. பாவம், காத்துல அந்தப் பெரிய காது ரெண்டும் எப்படிச் சிவந்திருக்கு. வேணாம்னு சொல்லி அனுப்பிடவா?"

எட்டிப் பார்த்தேன். ஸ்திபான் உள்ளே வரவில்லை. அவள் தன்னைப் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்றார். அவள் பார்த்தாள், பிறகு மறுபடி அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தாள்.

நான் எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அவள் திகைத்துப்போய் என் முதுகைத் தட்டினாள்.

"என்னக்கா இது? என்ன ஆச்சு உனக்கு? இன்னைக்கு யூகோகூட இல்லையே."