அக்காவின் காலுக்கு ஓர் அடிவிரிப்பு

குழந்தை தவழ ஆரம்பித்த மூன்றாம் நாளே பழைய மரத்தரையின் சிராய் ஒன்று அவன் முழங்காலில் ஏறிவிட்டது. ஊசியால் அதை நெம்பி எடுத்தவள் அவனுடைய அத்தை, தகப்பனின் அக்கா; தையல்காரிக்கு ஊசி சொன்னபடி கேட்கும். அதற்குள் பிள்ளை அழுது, பெற்றவள் அழுது, வீடு இரண்டுபட்டுப் போயிற்று. தகப்பன் அன்றே முடிவு கட்டினான், மரத்தரைக்கு மேல் லாமினேட் பலகை போட்டே தீருவதென்று.

பலகைக்கு அடியில் எந்த விரிப்பு வேண்டும் என்று கடையில் கேட்டார்கள். அவனுக்கு எதிலும் ஒசத்திதான் வேண்டும். விரல் வைத்தால் மெத்தைபோல் அமுங்கிய ரப்பர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இதன்மேல் யானை நடந்தாலும் சத்தம் வராதாம் என்று வீட்டில் நாலு தடவை சொல்லிக் காட்டினான்.

அக்கா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதில் வந்த காய்ச்சல் பேச்சை விட்டுவைத்து, காதைக் கொண்டுபோயிருந்தது. நல்லாத்தான் இருக்கும் என்றாள். மறுநாள் போய்க் கடைத்தெருவில் தையல் மெஷின் போட ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

இது அவன் மனைவி காதுக்கு எட்டியது. அண்ணி கிளம்பப் பார்க்கிறாங்களே, அப்படி என்ன சொல்லித் தொலைச்சீங்க என்று அவனைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேரே அக்கா முன்னால் போய் நின்றான்.

"வெளிச்சத்துக்காக ஜன்னலப் பாத்து உக்காந்திருக்கேன்" என்றாள் அவள். "வாசல் என் முதுகுக்குப் பின்னாடி. கைப்பக்கம் கத்திரி, கீழ சூடான இஸ்திரிப் பெட்டி. இவன் தவழ்ந்து வந்தா தரை அதிரும், எனக்குக் காலாலதான்டா தெரியும். நீ மெத்தையப் போட்டு மூடிட்டா, ஒரு நாள் இவன் கைய நானே சுட்டுருவேன். அதுக்கு நான் தள்ளி இருக்கிறதே மேல்."

அக்காவுக்கு முதுகில் கண் என்றுதான் அவன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். பின்னால் பூனைபோல் வந்து பயமுறுத்தப் பார்த்து, எத்தனை தடவை மாட்டியிருக்கிறான். அந்தக் கண் பாதத்தில் இருந்தது இப்போதுதான் தெரிந்தது.

தரை போட வந்த தச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் ரப்பர் சுருளை ஒரு பார்வை பார்த்தார். அக்கா விஷயம் இருக்கட்டும், இது மரத்தரைக்கே ஆகாது என்றார். இவ்வளவு அமுங்கினால் மேல்பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் பூட்டு விட்டுப்போகும். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கீழே இருக்கும் மரத்தை உளுத்துப்போக வைக்கும். மெல்லிய நுரை விரிப்போ பழைய பலகைகளின் மேடுபள்ளத்தை மறைக்காது. மிச்சம் அதிகம் அமுங்காத மரநார் அட்டை ஒன்றுதான்.

"சத்தம் வேணாம்னு கேக்கிற ஆளுங்களத்தான் பாத்திருக்கேன் தம்பி. அதிர்வு வேணும்னு கேக்கிற மொத வீடு இதான். போட்டுப் பாத்துருவோம். உறுதியெல்லாம் சொல்ல மாட்டேன்."

ஆடிய பலகைகளைத் திருகாணி வைத்து முடுக்கினார். வாசலிலிருந்து மெஷின்வரை அட்டையைப் பரப்பி, அதன்மேல் நாலு வரிசை லாமினேட் பூட்டினார். அக்கா உட்கார்ந்தாள். ஒரு கால் மிதியில், மற்றொன்று வெறும் பாதமாகத் தரையில். மெஷினை நிறுத்தச் சொன்னதற்கு அவள் ஒப்பவில்லை. ஓடும்போது தெரியாவிட்டால் தெரிந்து என்ன பயன் என்றாள்.

தம்பி வாசலிலிருந்து நடந்தான். ஆறாவது எட்டில் அவள் திரும்பாமலே, "தேய்ச்சு நடக்காதே, செருப்பு தேஞ்சது போதும்" என்றாள். தச்சர் சிரித்துவிட்டார்.

ஆனால் அவன் எழுபது கிலோ. சிராய் ஏறிய முழங்கால்காரனுக்கு எடை எங்கே? அவன் மனைவி குழந்தையை வாசலில் இறக்கிவிட்டுத் தள்ளி நின்றாள். குட்டித் துரை உடனே நகர்வாரா? துணித்துண்டு ஒன்றைச் சாவகாசமாகச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. இதுவும் ஆகாது என்றே தம்பிக்குத் தோன்றிவிட்டது. கடைத்தெரு அறையில் அக்கா தனியாக உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு காட்சிகூட வந்துபோயிற்று.

குழந்தை துணியைப் போட்டான். ஒரு கை வைத்தான். மறு கை. முழங்காலை இழுத்தான். மூன்றாவது தடவை உள்ளங்கையைத் தரையில் பட்டென்று வைத்தபோது மெஷின் நின்றது.

அக்கா கத்திரியை எட்டத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். "வந்துட்டியாடா?"

தம்பி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தச்சர் மிச்ச அட்டையையும் பிரிக்கட்டுமா என்று சைகையில் கேட்டார்; அக்கா தலையாட்டினாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தம்பியைக் காலால் லேசாக உந்தினாள்.

"அந்த ரூம்காரருக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிடு. எனக்குத்தான் போன் பேச வராதே."

அவன் அங்கேயே உட்கார்ந்தபடி போனை எடுத்தான். மறுமுனையில் அறைக்காரர் காரணம் கேட்டிருக்க வேண்டும். இவன் பதில் சொல்ல வாயெடுத்து, அக்காவின் பாதத்தைப் பார்த்தான். போனை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கி, "அண்ணி எங்கயும் வரலங்க" என்று ஒரே பேச்சில் முடித்து வைத்தாள்.