ஞானத்தகப்பன் காயோ

காயோவின் முகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை நம்பித்தான் பிரேசிலிலிருந்து மணிலாவுக்கு மாடலாக வந்து இறங்கினான். ஆறு பையன்களோடு ஒரே அறையில் படுத்தான். ஷாம்பு, ஜட்டி, பற்பசை என்று எதைக் கையில் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே நின்றான். சினிமா ஆசை வந்ததும் அந்த ஊர் மொழியான தகலோக் கற்றுக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, நாக்கு தேயத் தேயக் கற்றான். சொல்லிக் கொடுத்தவள் மரிவிக், படப்பிடிப்பில் ஒப்பனை போடுகிறவள். குபாவ் பக்கத்துச் சந்தில் அவள் குடியிருந்த மாடிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவனைப் படத்துக்குள் தள்ளியவர் தோதி என்ற மேனேஜர். ஆணாகப் பிறந்தவர்தான், ஆனால் நடிகர் நடிகைகள் எல்லாருக்கும் அவர் ‘மதர்’. வளர்த்துவிட்ட நட்சத்திரங்களை அவர் அதட்டுகிற அதட்டலைப் பெற்றவள்கூட அதட்டமாட்டாள். அவர் காயோவை ஷைலீன் என்ற பெண்ணோடு ஜோடி சேர்த்தார். அந்த ஊரில் ஜோடி என்றால் திரையோடு போகிற சமாச்சாரம் இல்லை. கடை திறப்பு விழா, டிவி, விமான நிலையம், எங்கே பார்த்தாலும் இரண்டு பேரும் கை கோத்தபடி இருக்க வேண்டும். நிஜத்திலும் காதல்தான் என்று நம்பி ரசிகைகள் கேக் வெட்டி அழுவார்கள். முதல் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதே சமயம் மரிவிக்குக்கு வயிறு தள்ளியது.

ஒரே ஒரு படம் பொறுத்துக்கொள், அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் மதர். காயோ தலையாட்டினான். மகன் பிறந்தான், இனிகோ என்று பெயர் வைத்தார்கள். ஒரு படம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. எடுப்பது ஷைலீனோடு முத்தக் காட்சி என்றால் அன்றைக்கு ஷைலீனுக்கு உதட்டுச் சாயம் பூசுகிறவள் மரிவிக். அவள் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று காயோ ஒரு நாளாவது யோசித்திருப்பானா? யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாடியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நின்றதை எவளோ ஒரு ரசிகை படம் பிடித்துப் பரப்பிவிட்டாள். ஊர் கொதித்தது. மதர் அசரவில்லை. குழந்தை தன் டிரைவர் பெஞ்சோவுக்கும் மரிவிக்குக்கும் பிறந்தது, காயோ அதன் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் ஆகப்போகிறான், அதனால்தான் கொஞ்சப் போனான் என்று அறிவித்துவிட்டார். சொன்னதை மெய்யாக்க ஞானஸ்நானத்துக்கும் நாள் குறித்தார். ஞானத்தாயாக ஷைலீன். போட்டோ எடுக்க ஆட்களும் ஏற்பாடு.

மரிவிக் காயோவை மட்டும் பார்த்துக் கேட்டாள்: “சாமி முன்னாடி உன் பிள்ளைய இன்னொருத்தன் பிள்ளைன்னு சொல்லப் போறியா?”

“ஒரு படம்தான், மரிவிக். அப்புறம் ஒரே போடா போட்டு உடைச்சிடறேன்.”

கோயிலில் பாதிரியார், பிள்ளைக்கு என்ன பெயர் என்று பெற்றோரைக் கேட்டார். பெஞ்சோ திருதிருவென்று காயோவைப் பார்த்தான். காயோ கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பெஞ்சோவே “இனிகோ” என்றான். மதர் அவனை முழங்கையால் இடித்து, சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

ஞானஸ்நானப் போட்டோக்கள் வெளிவந்த அன்றைக்கே வினை வந்தது. ஒரே குழந்தைக்கு ஞானத்தாயும் ஞானத்தகப்பனுமாகச் சேர்ந்து நிற்கிற காதல் ஜோடி பிரிந்துபோகும் என்பது அங்கே பலருக்கும் இருக்கிற நம்பிக்கை. காயோ வெளியூர்க்காரன், அவனுக்குத் தெரியாது. விளம்பர வெறியில் மதருக்கு அது மறந்தே போயிருந்தது. ரசிகைகளுக்கு மறக்கவில்லை. ஜோடிக்குத் தாங்களே கொள்ளி வைத்துக்கொண்டார்கள் என்று ஒப்பாரி வைத்தார்கள். அடுத்த படத்துக்குத் தியேட்டர் பக்கமே வரவில்லை. ஷைலீன் சாமர்த்தியசாலி, இன்னொருவன் கையைக் கோத்துக்கொண்டாள். காயோவின் போன் அடிப்பது நின்றது.

அவன் மரிவிக்கிடம் பாய்ந்தான். உனக்குத் தெரியாதா, ஏன் சொல்லவில்லை என்றான்.

“தெரியும். நீ உண்மையச் சொல்லுவேன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். நீ சொல்லல. நானும் சொல்லல.” அவன் பெட்டியை மாடிப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மூன்று வருஷம் போனது. காயோ மறுபடி பற்பசைக்கு வந்தான், அப்புறம் அதுவும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து தகப்பனாக நடித்த பெஞ்சோ, காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தான், பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு நாள் அங்கேயே தங்கிவிட்டான். அந்த ஊரில் கிறிஸ்மஸுக்கு ஞானப்பிள்ளைகள் தங்கள் ஞானத்தகப்பனைத் தேடி வந்து பரிசு வாங்குவார்கள். இனிகோவை மரிவிக் அனுப்பவே இல்லை. அந்தப் பிள்ளை தன்னை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட்டால் போதும் என்று காயோ ஏங்கினான். அந்த ஏக்கம் பொய்யில்லை.

மதர் கூப்பிட்டனுப்பினார். “இப்ப சொல்லுடா மகனே. பிள்ளையக் கட்டிப்பிடிச்சு டிவியில அழு. தேசமே உன்னோட சேர்ந்து அழும். படம் தேடி வரும்.” காயோவுக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளையும் கிடைக்கும், படமும் கிடைக்கும். எதற்காகச் சிலிர்த்தது என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கிறிஸ்மஸ் மதியம் ஒரு பொம்மை லாரியோடு மரிவிக் வீட்டு வாசலில் போய் நின்றான். பின்னாலேயே கேமராக்காரர்கள் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தார்கள். மரிவிக் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்தாள். கேமராவைப் பார்த்தாள், காயோவைப் பார்த்தாள். அவள் தடுப்பாள் என்று நினைத்தான். “கேளு. அவனையே கேட்டுக்கோ” என்று விலகி நின்றாள்.

இனிகோ வந்து, பெரியவர்களைக் கண்டால் செய்யப் பழக்கியிருந்தபடி காயோவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். காயோ பொம்மையை அவன் கையில் கொடுத்துவிட்டு மண்டியிட்டான். அழுகை நிஜமாகவே வந்தது.

“நாந்தாண்டா உன் அப்பா.”

பிள்ளை மிரண்டது. பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பெஞ்சோவின் காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா, இந்த ஆளப் போகச் சொல்லு” என்றது. பெஞ்சோவால் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விம்மினான். கேமரா காயோவை விட்டு அந்தப் பக்கம் திரும்பியது, திரும்பியது திரும்பியதுதான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானது. தேசமே அழுதது. மறுநாள் மதர் போன் செய்தார், குரலில் தேன் வழிந்தது.

“பெஞ்சோவ வச்சே படம் எடுக்கறாங்க, தெரியுமா? அவனே நடிக்கறான். உனக்கும் ஒரு வேஷம் கேட்டு வாங்கியிருக்கேன். பிள்ளைய வேண்டாம்னு விட்டுட்டுப் போற வெள்ளைக்காரன். வசனம் கம்மிதான்.”

காயோ, எத்தனை நாள் படப்பிடிப்பு என்று கேட்டான்.